நுக்ஸாருக்குள் உட்கார்ந்திருந்த தமதா

தெக்லேயின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் பெயரை நுக்ஸார் மறந்தது பெரிய குற்றமில்லை. மறந்ததோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் சின்ன சங்கடமாகப் போயிருக்கும். ஆனால் அவர் பெண்ணின் அப்பா மட்டுமில்லை, அன்றைய விருந்தின் தமதாவும் அவர்தான். எங்கள் காகேத்தித் திராட்சை நாட்டுப் பக்கத்தில் தமதா வாயை மூடினால் விருந்தே மூடிவிடும்.

ஒவ்வொரு கிளாஸுக்கும் முன்னால் எழுந்து நின்று கடவுளுக்கு, நாட்டுக்கு, பெற்றவர்களுக்கு, செத்தவர்களுக்கு என்று வாழ்த்துச் சொல்ல வேண்டியவர் தமதா. அவர் சொல்லி முடிக்கும்வரை ஒருத்தரும் ஒயினை வாயில் வைக்கக்கூடாது. முடித்த பிறகு ஒருத்தரும் வைக்காமல் இருக்கக்கூடாது. இடையில் அவருக்கு மூச்சு வாங்கினால் "அலவெர்டி!" என்று யாரையாவது கைகாட்டலாம். அந்த ஆள் எழுந்து அதே வாழ்த்தைத் தொடர வேண்டும். நுக்ஸார் தன் வாழ்நாளில் அலவெர்டி சொன்னது ரொம்பக் குறைவு. தன் குரலை இன்னொருத்தருக்குக் கொடுக்க அவருக்கு மனசு வராது.

அன்றைக்கும் அப்படித்தான். இரண்டு குடும்பமும் கிளாஸோடு எழுந்து நிற்க, கண்ணை மூடி, மார்பில் கை வைத்து, தொண்டையைக் கனைத்து, அவர் உருகினார்.

"என் பொண்ணு ஒரு ரோஜா. அந்த ரோஜாவுக்கு வேலியா வந்திருக்கான் பாருங்க, என் மருமகன், என் சிங்கம், என் லாஷா..."

மாப்பிள்ளையின் பெயர் கேகா. லாஷா என்பது காலேஜ் காலத்தில் தெக்லேயோடு சுற்றிய பையன். மேஜையில் ஒரு சத்தமில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா வர்லாம் மீசையைத் தடவினார். நுக்ஸார் அந்த அமைதியைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, லாஷாவின் பெருமைகளை மேலும் கொஞ்சம் விரித்துச் சொல்லி, கிளாஸைக் காலி செய்து, உட்கார்ந்து, பீன்ஸ் குழம்புச் சட்டியில் முகத்தை வைத்துத் தூங்கிப்போனார்.

மறுநாள் காலை தெக்லே அவர் முன்னால் வந்து நின்றாள். அவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை. ஊரில் எல்லார் வாயையும் தெரியும்.

"ஊதுப்பா."

"என்னம்மா இது, போலீஸ்காரன் மாதிரி?"

"ஊதுங்க."

ஊதினார். அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"அறுவடை முடிஞ்சதும் கல்யாணம். அன்னிக்கு இந்த வீட்டு வாசல்லேருந்து மாப்பிள்ளை வண்டி வரைக்கும் நீங்கதான் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. ஆனா குடியை விட்டாத்தான். இன்னிலேருந்தே. இல்லேன்னா ஜும்பேர் மாமா கையைப் பிடிச்சுட்டுப் போறேன்."

"ஜும்பேரா? அவன் போடற ஒயினைப் பன்னிகூடக் குடிக்காதே!"

"பன்னி குடிக்காததைத்தானே நீங்க வருஷக்கணக்கா ஓசியில குடிக்கிறீங்க."

பக்கத்து வீட்டு ஜும்பேர் கையில் தன் மகள் கை. அந்தப் படத்தை நினைத்ததும் நுக்ஸாருக்கு நெஞ்சு எரிந்தது. நெஞ்செரிச்சலுக்குக் குளிர்ந்த வெள்ளை ஒயின் நல்லது என்று உடனே ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையைச் சொன்னவனைத்தான் இனி நாம் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அவருக்குள் ஒரு தமதா இருந்தான். நிச்சயதார்த்தத்துக்குப் போட்ட அதே கோட்டில், அதே மீசையோடு, கையில் எப்போதும் நிரம்பிய கிளாஸ். நுக்ஸார் குடிப்பதை விடுகிறேன் என்று சொன்ன நிமிஷம், அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"அன்பான நுக்ஸார்! முதல்ல இந்தக் கிளாஸை வார்த்தைகளுக்காக உயர்த்தறேன். வார்த்தைன்னா சும்மாவா? குடின்னு உன் பொண்ணு சொன்னாளே, எதைச் சொன்னா? சாச்சாவைச் சொன்னா. திராட்சைச் சக்கையை வடிச்சு எடுக்கறோமே, அந்த நெருப்புத் தண்ணி. அதுதான் குடி. ஒயின் எப்படிக் குடியாகும்? ஒயின் ரொட்டிக்குத் தொட்டுக்கறது. சர்ச்சுல சாமியாரே குடுக்கறாரு. சாமியார் குடிகாரரா? சொல்லு!"

நுக்ஸாருக்கு இதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. அன்றே சாச்சா பாட்டில்களை எல்லாம் எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி, வாசலில் நின்று ஊற்றினார். தெருவே வேடிக்கை பார்த்தது. பிறகு உள்ளே போய் மத்தியானச் சாப்பாட்டில் ரொட்டிக்கு ஒயினைத் தொட்டுக்கொள்ள உட்கார்ந்தார்.

மனைவி லமாரா ஒயின் கூஜாவைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை.

"தொட்டுக்கிட்டீங்களாக்கும்?"

"ஆமா."

"ரொட்டி முழுசா அப்படியே இருக்கே. எதை எதுக்குத் தொட்டீங்க?"

தெக்லே வந்தாள். ஊதச் சொன்னாள். இதுதான் கடைசி எச்சரிக்கை என்றாள். அவளுக்குப் பின்னால் வேலிக்கு அந்தப் பக்கம் ஜும்பேரின் தலை தெரிந்தது. தெரிந்ததோடு இல்லாமல் சிரித்தது.

சரி, ஒயினும் குடிதான் என்று நுக்ஸார் ஒப்புக்கொண்டார். உள்ளே இருந்தவனுக்கு அதனால் ஒன்றும் கஷ்டமில்லை. அவனிடம் வாழ்த்துக்கும் பஞ்சமில்லை, குரலுக்கும் பஞ்சமில்லை. ஒரு நாள் செத்துப்போன அப்பா பெஜானின் கரகரத்த குரலில் வருவான்: "ஏண்டா, நான் நட்ட கொடியில வந்த திராட்சை உனக்குக் கசக்குதா? நான் செத்ததும் போதும், என் ஒயினும் சாகணுமா?" இன்னொரு நாள் மூக்கால் பேசும் சாமியாரின் குரலில்: "மகனே, மிதமா இருக்கறதுதான் புண்ணியம். ஒரேயடியா விடறது தலைக்கனம். தலைக்கனம் பெரும்பாவம்." அப்புறம் டாக்டர் அம்மா மாக்வாலாவின் குரலில், கண்ணாடியை இறக்கிப் பார்த்தபடி: "திடீர்னு நிறுத்தினா ரத்தக்கொதிப்பு ஏறும் நுக்ஸார், பார்த்துக்கோங்க." நிஜ டாக்டர் அம்மா போன குளிர்காலத்தில் சொன்னது நேர் எதிரானது. அதைச் சொன்னபோது நுக்ஸார் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, உள்ளே இருந்தவன் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் தனக்கு வேண்டியபடி எழுதிக்கொண்டான்.

இதையெல்லாம் தாங்கினாலும், ஊரைத் தாங்க முடியவில்லை. மேலத்தெருவில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். கிளாஸ் வந்தது. நுக்ஸார் கையால் மூடினார். மேஜை முழுக்கத் திரும்பியது.

எங்கள் ஊரில் குடிக்காமல் இருக்கக் கௌரவமான காரணம் ஒன்றே ஒன்றுதான். நுக்ஸார் அதைச் சொன்னார்.

"ஆன்டிபயாடிக் சாப்பிடறேன்."

"ஓ!" என்று எல்லாரும் தலையாட்டினார்கள். பல்லா, தொண்டையா என்று விசாரித்தார்கள். அவர் பொதுவாக மார்புப் பக்கம் கையைக் காட்டினார். அதோடு விட்டார்கள். ஆன்டிபயாடிக்கை மதிக்காதவன் எங்களில் கிடையாது.

ஆனால் அது ஒரு வாரத்துக்குத்தான் செல்லுபடியாகும். நுக்ஸாரின் ஆன்டிபயாடிக் கோடை முழுக்க நடந்தது. ஊர் யோசித்தது. பல்லுக்கு இவ்வளவு நாள் ஆகாது. தொண்டைக்கும் ஆகாது. காகேத்தியில் பிறந்த ஆம்பளை, அதுவும் தமதா, மாதக்கணக்கில் குடிக்கவில்லை என்றால் வேறு என்ன அர்த்தம்? போகிற ஆள்தான். கல்யாணத்தைப் பார்க்க உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

அதற்குப் பிறகு நுக்ஸார் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. சாகக் கிடப்பவரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகலாமா? ஆளுக்கொரு ஜாடி ஒயினோடு வந்தார்கள். வந்து உட்கார்ந்து, அவருடைய ஆரோக்கியத்துக்காக வாழ்த்துச் சொல்லி, அவர் கண்ணெதிரே குடித்தார்கள்.

ஜும்பேர் மட்டும் கொஞ்சம் முன்னதாகவே வந்து, மற்றவர்கள் வருவதற்குள் காதருகே குனிந்தான்.

"மச்சான், தப்பா நெனைச்சுக்காதே. சுவத்துல தொங்குதே, ஒயின் குடிக்கற வெள்ளிப் பூண் கொம்பு, அதை யாருக்குன்னு ஏதாவது சொல்லி வெச்சிருக்கியா?"

"எதுக்குடா?"

"சும்மா கேட்டேன். நீ இருக்கணும், நூறு வருஷம் இருக்கணும். ஆனா ஒருவேளை இல்லேன்னா, கொம்பு ஏன் தூசி பிடிச்சுத் தொங்கணும்?"

"போடா வெளியே!"

"கோபப்படாதே மச்சான், உடம்புக்கு ஆகாது."

அன்று மாலை மேஜையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். ஒருத்தர் எழுந்து நுக்ஸாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் எப்படிப்பட்ட நண்பர், எப்படிப்பட்ட தகப்பன், அவர் குரல் கேட்டால் மலையே எழுந்து நிற்குமே. பேசியவர் அழுதார். கேட்டவர்கள் அழுதார்கள். நுக்ஸாரும் அழுதார். இவ்வளவு நல்ல மனுஷன் சாகப்போகிறானே என்று அவருக்கே தாங்கவில்லை.

"உன் ஆரோக்கியத்துக்கு!" என்றார்கள் எல்லாரும்.

"உன் ஆரோக்கியத்துக்கு உலகமே குடிக்குது, நீ குடிக்கலேன்னா நல்லாவா இருக்கும்?" என்றான் உள்ளே இருந்தவன். "ஒண்ணே ஒண்ணு. மரியாதைக்கு."

ஒன்று குடித்தார். குடித்த உடனே உள்ளே இருந்தவன் கோட்டுப் பொத்தானைக் கழற்றி விட்டுக்கொண்டு வசதியாக உட்கார்ந்தான்.

"சரி. விரதம் கலைஞ்சாச்சு. கலைஞ்ச விரதத்துக்குள்ள உக்காந்துக்கிட்டு இனி என்ன பண்ணப்போறே? இன்னிக்கு இன்னிக்குத்தான். நாளைக்குப் புதுசா ஆரம்பிப்போம். நாளைக்குத் திங்கக்கிழமை வேற, எவ்வளவு பொருத்தமா அமைஞ்சிருக்கு பாரு!"

நாளை திங்கள் இல்லை, வியாழன். நுக்ஸார் அதைச் சரிபார்க்கும் நிலையில் இல்லை. வந்த ஜாடிகள் எல்லாம் காலியாகின. விடியும்போது அவர் திராட்சைத் தோட்டத்தில் வாய்க்காலுக்குக் குறுக்கே பாலம் மாதிரி கிடந்தார். தண்ணீர் அவருக்கு இரண்டு பக்கமும் தேங்கி நின்றது.

தெக்லே வந்து பார்த்தாள். ஊதச் சொல்லவில்லை. அழவில்லை, கத்தவில்லை. போனை எடுத்து, அவர் கேட்கும்படி பேசினாள்.

"ஜும்பேர் மாமா? உங்க கோட் அளவு என்ன?"

நுக்ஸார் இதற்குப் பதில் ஒரு அறை வாங்கியிருந்தால்கூட சந்தோஷப்பட்டிருப்பார்.

அதற்கப்புறம் ஜும்பேருக்கு வந்த வாழ்வைச் சொல்லி முடியாது. தெலாவி டவுனில் கோட் தைக்கக் கொடுத்தான். நீலக் கலர். தினமும் சாயங்காலம் தன் வாசலில் இருந்து தெருமுனை வரை, வலது கையை மடித்து, அதில் ஒரு பெண் கை இருப்பதாகப் பாவித்து, தலையை நிமிர்த்தி நடந்து பார்த்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நுக்ஸார் விறகு உடைத்துக்கொண்டிருப்பார்.

"மச்சான், வேகம் சரியா இருக்கா? இல்ல இன்னும் மெதுவாப் போகணுமா? நீ அனுபவஸ்தன், சொல்லு."

"குழியில விழு, சரியா இருக்கும்."

"கல்யாண வீட்டுல அபசகுனமாப் பேசாதே மச்சான்."

நுக்ஸார் மகளிடம் போய் நின்றார். "இன்னொரு தடவை" என்று மட்டும் சொன்னார். "கோட் தைச்சு வரட்டும்பா. யாரு கையைப் பிடிக்கறதுன்னு அன்னிக்குப் பார்க்கலாம்" என்றாள் தெக்லே.

அறுவடை வந்தது. திராட்சையை மிதித்துப் புதிய சாற்றை இறக்குவதற்கு முன் நிலவறையில் மண்ணுக்குள் புதைத்த சாடிகளைத் தயார் செய்ய வேண்டும். கடைசிச் சாடியைத் திறந்து அதில் இருக்கும் பழைய ஒயினை வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். வீட்டில் அதைச் செய்யத் தெரிந்த ஆள் நுக்ஸார் ஒருத்தர்தான். அவர் மண்ணை ஒதுக்கி, கல்மூடியைத் தூக்கினார். வாசனை எழுந்து வந்து அவர் முகத்தைத் தடவிக்கொடுத்தது.

நீளக் காம்பு போட்ட சுரைக்குடுக்கை கையில். அதில் ஒயின். உள்ளே இருந்தவன் எழுந்துவிட்டான். இத்தனை நாள் சும்மா ஒத்திகை பார்த்தவன் போல, இன்றைக்குத்தான் உண்மையான விருந்து என்பது போல.

"நுக்ஸார்! என் சகோதரா! இந்தச் சாடியைப் பாரு. இதை உன் அப்பா புதைச்சார். இதுல இருக்கற ஒயின் உன் பொண்ணு படிச்சு முடிச்ச வருஷத்து ஒயின். இதை நீ ருசி பார்க்கலேன்னா யாரு பார்ப்பா? ஜும்பேரா? இது குடி இல்ல, இது தொழில். ருசி பார்க்காம ஒயினை மாத்தறவன் உப்புப் பார்க்காம சமைக்கறவன்..."

குடுக்கை உதட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அப்போதுதான் நுக்ஸாரை ஒரு பழக்கம் காப்பாற்றியது. முப்பது வருஷம் தமதாவாக இருந்தவருக்கு ஊறிப்போன பழக்கம்: வாழ்த்து முடியாமல் வாயில் வைக்கக்கூடாது. இவன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறானே? குடுக்கையைத் தாழ்த்திக் காத்திருந்தார்.

"...அப்பேர்ப்பட்ட அப்பாவுக்காக, இந்த மண்ணுக்காக..."

'அப்பாவைப் பத்திச் சொன்னே, அம்மாவைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே' என்றார் நுக்ஸார் மனசுக்குள். சும்மா, ஒரு தமதா இன்னொரு தமதாவைத் திருத்துவது போல.

உள்ளே இருந்தவன் திகைத்தான். "அடடா! அம்மாவை மறக்க முடியுமா?" என்று அம்மாவை ஆரம்பித்தான். அம்மாவின் ரொட்டி, அம்மாவின் கை, அம்மா பாடிய பாட்டு. முடியும்போது நுக்ஸார், "அலவெர்டி, அப்பாவுக்கு!" என்றார். உடனே அவன் அப்பாவின் கரகரத்த குரலுக்கு மாறி, அப்பா சார்பில் வாழ்த்த ஆரம்பித்தான். அது முடிவதற்குள், "அலவெர்டி, சாமியாருக்கு!" மூக்குக் குரலில் ஆசீர்வாதம் தொடங்கியது. "அலவெர்டி, டாக்டர் அம்மாவுக்கு!" அவன் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான். அவனும் நுக்ஸார்தானே. பேசச் சொன்னால் நிறுத்தத் தெரியாது. தன் குரலைக் கேட்டுத் தானே கண் கலங்கிக்கொண்டு, அலசானி ஆற்றில் ஆரம்பித்து, பனிமலைக்குப் போய், அங்கிருந்து ஆதாம் ஏவாளுக்குப் போய்...

"என்னங்க! உள்ளயே செத்துட்டீங்களா? தார்ப்பாய் எங்க வெச்சீங்க?" என்று லமாரா மேலிருந்து கத்தினாள்.

நுக்ஸார் பார்த்தார். குடுக்கை அப்படியே இருந்தது. தாகம் எங்கேயோ போயிருந்தது. அதன் இடத்தில் லேசான தலைவலியும், நீளமான பிரசங்கம் கேட்ட சலிப்பும் இருந்தன. அவருக்கு ஒரு பெரிய அவமானமும் வந்தது. இத்தனை வருஷம் ஊரார் இதையா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்?

அன்றிலிருந்து அவன் எழுந்தால் இவர் மறுக்கவில்லை. உட்கார வைத்துப் பேசவிட்டார். சண்டை போட்டால் அவன் ஜெயித்துவிடுகிறான். பேசவிட்டால் அவனே தீர்ந்துபோகிறான். எல்லா நாளும் இது பலித்தது என்று சொன்னால் பொய். சில நாள் அவன் வாழ்த்தே சொல்லமாட்டான். மூலையில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொல்வான்: "குடி." அதற்கு அலவெர்டி கிடையாது. அந்த நாட்களில் நுக்ஸார் விறகு உடைத்தார். அந்தக் குளிர்காலத்துக்கு மட்டும் இல்லை, அதற்கடுத்ததற்கும் சேர்த்து அவர் வீட்டில் விறகு கிடந்தது.

கல்யாணத்தன்று காலை தெக்லே வெள்ளைக் கவுனில் வந்து நின்றாள். வாசலில் நீலக் கோட்டில் ஜும்பேர், தலையில் எண்ணெய் தடவி, வலது கையை மடித்தே வைத்திருந்தான்.

"ஊதுப்பா."

ஊதினார். அவள் கண்ணை மூடி முகர்ந்தாள். இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். பிறகு தன் கையை அவர் கைக்குள் விட்டாள். ஜும்பேர் மடித்த கையை மெதுவாக நீட்டி, அதனால் தன் காதைச் சொறிந்துகொண்டான்.

வண்டி வரைக்கும் நாற்பது அடி இருக்குமா? நுக்ஸார் அதை ஒரு நாட்டையே கடப்பது போல நடந்தார். வண்டியில் ஏறும்போது மகள் சொன்னாள்: "இது பாதிதான்பா. சாயங்காலம் விருந்து இருக்கு. வர்லாம் பெரியப்பா தமதாவா இருக்கட்டும், நீங்க பேசாம என் பக்கத்துல உக்காருங்க."

"சரிம்மா."

ஆனால் நுக்ஸார் சாகக் கிடக்கிறார் என்ற செய்தி வர்லாம் காதுக்கும் போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் முந்நூறு பேர் உட்கார்ந்த மேஜையில், நிச்சயதார்த்தத்தில் மீசையைத் தடவிய அந்த வர்லாம் எழுந்து, தழுதழுத்த குரலில் அறிவித்தார்.

"நம்ம சம்பந்தி உடம்பு எப்படி இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அவர் இருக்கும்போது நான் தமதாவா நிக்கறது முறையில்ல. அன்னிக்கு நடந்ததை நான் மறந்துட்டேன். இதுவே அவரோட கடைசி விருந்தா இருந்தாலும் இருக்கலாம். அவரே நடத்தட்டும்!"

முந்நூறு பேர் கைதட்டினார்கள். பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். தெக்லே அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"முடியாதுன்னு சொல்லுங்க. தமதான்னா குடிக்கணும்."

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் போதும். ஆனால் முந்நூறு பேர், அத்தனை கைதட்டல். உள்ளே இருந்தவனும் வெளியே இருந்தவரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள்.

"அப்பா," என்றாள் தெக்லே, உதடு அசையாமல். "ஒரு வாய் உள்ள போச்சுன்னா நான் எழுந்து போயிடுவேன். இந்தக் கவுனோடயே. ஜும்பேர் மாமா வண்டி வாசல்லதான் நிக்குது."

முதல் வாழ்த்து கடவுளுக்கு. நான்கே வரி பேசி, "அலவெர்டி, வர்லாம்!" என்றார். தனக்கு அலவெர்டி கொடுத்த பெருந்தன்மையில் நெகிழ்ந்து வர்லாம் பேசோ பேசென்று பேசி, முழுக் கிளாஸைக் கவிழ்த்தார். எல்லாரும் வர்லாமைப் பார்த்தார்கள், நுக்ஸாரின் கிளாஸை யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது நாட்டுக்கு. "அலவெர்டி, வர்லாம்!" மூன்றாவது பெற்றவர்களுக்கு. "அலவெர்டி, வர்லாம்!" கொஞ்ச நேரத்தில் வர்லாம் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "லாஷா, என் கண்ணே!" என்றார். பெயர் எப்படியோ அவர் மண்டையிலும் தங்கிவிட்டது.

இப்படியே ஒப்பேற்றியிருப்பார். ஆனால் ஜும்பேர் சும்மா இருப்பானா? கோட்டுக்கு வேலையில்லாமல் போன துக்கத்தில் நன்றாகக் குடித்திருந்தான். திடீரென்று எழுந்து கத்தினான்.

"தமதா கிளாஸ் காலியே ஆகல! நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்! ஆன்டிபயாடிக்காவது கீன்டிபயாடிக்காவது, சாகப்போறவனுக்கு எதுக்கு மருந்து? கொம்பைக் கொண்டாங்க!"

கொம்பு வந்தது. அவர் வீட்டுச் சுவரில் தொங்கும் அதே வெள்ளிப் பூண் கொம்பு. ஜும்பேர் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான். விளிம்பு வரை ஒயின். கொம்பைக் கீழே வைக்க முடியாது. வைத்தால் சாய்ந்துவிடும். வாங்கினால் குடித்தே ஆகவேண்டும். மேஜை முழுக்க எழுந்து நின்றது. தெக்லே கவுனின் ஓரத்தை ஒரு கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டாள், எழுந்து நடக்க வசதியாக.

"இதோ!" என்றான் உள்ளே இருந்தவன். சந்தோஷத்தில் அவனுக்கு மூச்சு முட்டியது. "இனி பேச ஒண்ணுமில்ல. முந்நூறு பேர். உன் மானம். குடி."

நுக்ஸார் கொம்பைப் பிடித்தபடி நின்றார். விளிம்பிலிருந்து ஒரு சொட்டு விரலில் வழிந்தது. குடியை விட்டேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆன்டிபயாடிக் என்றால் ஏற்கெனவே சிரித்துவிட்டார்கள். தப்பிக்க ஏதாவது கிடைக்காதா என்று மேஜையைப் பார்த்தார். முன்னால் தட்டில் ஒரு ரொட்டி இருந்தது.

"அடுத்த வாழ்த்து," என்றார் மெதுவாக, "செத்தவங்களுக்கு."

எல்லார் தலையும் தாழ்ந்தது.

"அதுல ஒருத்தரைப் பத்தி மட்டும் சொல்றேன். உங்க எல்லாருக்கும் தெரிஞ்சவர். நல்ல குரல். அவர் பேசினா மலை எழுந்து நிக்கும்னு சொல்வாங்க, ஆனா மலை எங்க போகமுடியும், பாவம். தன் பொண்ணோட நிச்சயதார்த்தத்துல மாப்பிள்ளை பேரை மறந்தார். பீன்ஸ் குழம்புல தலை வெச்சுத் தூங்கினார். வாய்க்கால்ல அணை கட்டினார். மண்ணால இல்ல, தன் உடம்பால. தன் ஆரோக்கியத்துக்கு மத்தவங்க குடிச்சப்போ, தனக்காகத் தானே அழுதுக்கிட்டே குடிச்சார். தமதா நுக்ஸார். எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. நான் சாகல. அவன்தான் செத்துட்டான். அவன் சாந்தி அடையட்டும்."

சொல்லிவிட்டு கொம்பைச் சாய்த்து, செத்தவர்களுக்கு ஊற்றும் முறைப்படி, ரொட்டியின் மேல் ஒயினை ஊற்றினார். வழக்கமாகச் சில சொட்டுதான் ஊற்றுவார்கள். அவர் முழுக்க ஊற்றினார். ரொட்டி ஊறி, தட்டு நிரம்பி, மேஜைத் துணி சிவந்து, வர்லாமின் மடியில் வழிந்தது. வர்லாம் அசையவில்லை. செத்தவனுக்கு ஊற்றும்போது குறுக்கே பேச யாருக்கும் தைரியம் கிடையாது.

ஜும்பேர் ஒருத்தன்தான் வாய் திறந்தான். "அப்ப நீ சாகவே இல்லையா?" என்றான், நம்பவே முடியாமல். "அப்ப கொம்பு?"

முந்நூறு பேரும் சிரித்த சிரிப்பில் சரவிளக்கு ஆடியது. மணப்பெண் எழுந்தாள். நேராக அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"ஊதுப்பா."

"இங்கயா? எல்லாரும் பார்க்கறாங்கம்மா."

"பார்க்கட்டும். ஊதுங்க."

ஊதினார். அவள் கண்ணை மூடி நிதானமாக முகர்ந்தாள்.

"பூண்டு," என்றாள். "கத்திரிக்காய், வால்நட், பூண்டு. வேற ஒண்ணுமில்ல." அவர் சட்டைமேல் மையோடு சேர்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

நுக்ஸார் உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. உள்ளே சத்தமே இல்லை. போய்த் தொலைந்தான் என்று நினைத்தார். அப்போது மூலையில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அருமையாப் பேசினே," என்றான் அவன், கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்னைப் பத்தி இவ்வளவு நல்லா யாரும் பேசினதில்ல. சரி, போனது போகட்டும். அந்த ரொட்டியைப் பாரு, எவ்வளவு அழகா ஊறியிருக்கு. ரொட்டி குடி இல்லையே நுக்ஸார்? ரொட்டி சாப்பாடுதானே?"

நுக்ஸார் தட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அதைத் தூக்கி, மேஜைக்கு அந்தப் பக்கம் நீட்டினார்.

"ஜும்பேர்," என்றார். "அலவெர்டி!"